மாத்திரையைப் பாதியில் நிறுத்துபவர்களை ஆராய: கேள்வித்தாளா, நேர்காணலா, இரண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான். சமூகப் பணித் துறையில் முனைவர் பட்ட ஆய்வு. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது தலைப்பு. நெறியாளர் 384 பேருக்குக் கேள்வித்தாள் கொடுத்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போடச் சொல்கிறார். சீனியர் ஒருவர், இருபது பேரிடம் உட்கார்ந்து பேசினாலே போதும் என்கிறார். கருத்தரங்கில் பேசிய ஒருவர், இப்போதெல்லாம் இரண்டையும் சேர்க்கிற கலப்பு முறைக்குத்தான் மதிப்பு என்று சொல்லிக் குழப்பிவிட்டார். மூன்றில் எது சிறந்தது, எதை எடுத்தால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம், எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

எது சிறந்தது என்பதற்கு இப்போதைக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இன்னும் இல்லை. அதனால்தான் மூன்று பேர் மூன்று வழி சொல்லும்போது மூன்றுமே சரி என்று படுகிறது. ‘ஏன் நிறுத்துகிறார்கள்’ என்பதற்குள் குறைந்தது நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் நூறு பேர் சிகிச்சை தொடங்கினால் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள்? முடித்தவர்களோடு வைத்துப் பார்த்தால் நிறுத்தியவர்கள் எதில் வேறுபடுகிறார்கள்? நிறுத்துவது என்பது ஒருவருடைய வாழ்க்கையில் எப்படி, எந்தப் படிகளில் நடந்து முடிகிறது? என்ன செய்தால் அது குறையும்? முதல் இரண்டுக்கும் எண்ணித்தான் ஆக வேண்டும். மூன்றாவதற்குப் பேசித்தான் ஆக வேண்டும். நான்காவதற்கு ஓர் ஏற்பாட்டைச் சில இடங்களில் செய்து, செய்யாத இடங்களோடு ஒப்பிட வேண்டும். இந்த நான்கில் எது உங்களுடையது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டால், முறை பற்றிய சண்டையில் பெரும்பகுதி தானாக அடங்கிவிடும்.

நான் பொது சுகாதாரத் துறையைச் சேர்ந்தவன். முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் நடத்துவதும், மற்றவர்களுடைய ஆய்வுத் திட்டங்களைப் படித்துக் குறை சொல்வதும் பல வருடப் பிழைப்பு. ஆகவே நான் சொல்வது நோயும் மக்களும் சந்திக்கிற இடத்துக்குத்தான் பொருந்தும். இலக்கியத்திலோ வரலாற்றிலோ ஆய்வு செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தலைப்பு காசநோய் என்பதால் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அதுதான். அப்போது டிபி என்றால் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் வேண்டும் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை கட்டில் எங்கே போவது? எனவே கேள்வி கூர்மையாக இருந்தது: நெரிசலான வீட்டில், இருக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மருந்தை எடுத்தால் சானடோரியத்தில் இருப்பவர் அளவுக்குக் குணமாவாரா? ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு வருடம் ஐசோனியசிட், பிஏஎஸ் என்ற ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சானடோரியம் என்ற ஏற்பாடே உலகெங்கும் கைவிடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கேள்விக்கு எவ்வளவு ஆழமான நேர்காணலாலும் விடை காண முடியாது. ஒரு நோயாளிக்குத் தன் உடம்பு தேறியது தெரியும். இன்னோர் இடத்தில் இருந்திருந்தால் தேறியிருக்குமா என்பது அவருக்கும் தெரியாது, அவருடைய மருத்துவருக்கும் தெரியாது. ஒப்பீடுதான் அதைக் காட்டும். சமூகவியல் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிலர், எண் என்றாலே மனிதரை மறந்துவிட்ட ஆய்வு என்று நினைக்கிறார்கள். லட்சக்கணக்கான ஏழை நோயாளிகளை அவர்கள் வீட்டிலேயே இருக்கவிட்டது இந்த எண்கள்தான்.

இதே ஆய்வில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் நோயாளி மாத்திரையை விழுங்குகிறாரா என்பதை அந்தக் குழு அவர் வாய்மொழியை மட்டும் நம்பி எழுதிக்கொள்ளவில்லை. சிறுநீரைப் பரிசோதித்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். ‘கடந்த வாரம் எத்தனை நாள் மாத்திரை எடுத்தீர்கள்?’ என்று கேட்டுப் பெறுகிற எண், மாத்திரை எடுத்த நாட்களின் எண் அல்ல. அந்தக் கேள்வியைக் கேட்டவரிடம் சொல்லத் தோன்றிய நாட்களின் எண். கேட்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சம்பந்தப்பட்டவர் என்று தோன்றிவிட்டால் ஏழு நாளும் எடுத்தேன் என்றுதான் பதில் வரும்.

அடுத்த உதாரணம் கர்நாடகம், தும்கூர் மாவட்டம். பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் 1959இல் தொடங்கியபோது நாட்டுக்கே ஒரு திட்டம் தீட்ட வேண்டியிருந்தது. கிராமத்து மக்களுக்கு நோய் இருப்பதே தெரியாது, எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுபோய் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது வலுவாக இருந்தது. அங்கே பணியாற்றிய டெபாபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் வேறு மாதிரி யோசித்தார்கள். கணக்கெடுப்பில் நோய் இருப்பதாகத் தெரியவந்தவர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, உடம்புக்கு என்ன செய்கிறது, அதைப் பற்றிக் கவலைப்பட்டார்களா, எங்கே போனார்கள் என்று பேசவைத்தார்கள். 1963இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலோருக்குத் தங்கள் அறிகுறிகள் நன்றாகவே தெரிந்திருந்தன. ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே மருத்துவ உதவி தேடிப் போயிருந்தார்கள். போன இடத்தில்தான் சளியைப் பரிசோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். சிகிச்சையைத் தனி வண்டிகளில் கொண்டுபோகாமல் பொது மருத்துவமனைகளோடு சேர்த்த தேசியத் திட்டத்துக்கு இந்தக் கண்டுபிடிப்பு அடிப்படைகளில் ஒன்றாக ஆனது.

இந்த ஆய்வை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? பேசினார்கள், பிறகு எண்ணினார்கள். கலப்பு முறை என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே செய்துவிட்டார்கள். அவர்கள் முறையிலிருந்து தொடங்கவில்லை. ‘மக்களுக்குத் தெரியாதா, நமக்குத்தான் தெரியவில்லையா’ என்ற சந்தேகத்திலிருந்து தொடங்கினார்கள்.

நான்காவது வகைக் கேள்விக்கு அண்மைய உதாரணம் ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். ஒரு பகுதி வீடுகளில் குடும்பத்தார் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தார்கள். மற்ற வீடுகளில் நோயாளிக்கு மட்டும். குடும்பத்தாருக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது என்று 2023இல் வெளியிட்டார்கள். இந்த அளவுகளைப் பார்த்தாலே தனி ஆளாக முனைவர் பட்டத்துக்கு இதைத் தொட முடியாது என்பது விளங்கும். உங்கள் ஆய்வுத் திட்டத்தில் ‘தாக்கம்’ என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுத்து எதன் தாக்கத்தையும் நிறுவ முடியாது.

சரி, உங்கள் நெறியாளர் சொன்ன 384க்கு வருவோம். நம் பல்கலைக்கழகங்களில் எந்தத் துறையின் ஆய்வேட்டைப் பிரித்தாலும் இந்த எண் எதிரே வந்து நிற்கும். இதில் மர்மம் எதுவும் இல்லை. ஒரு பெரிய மக்கள்தொகையில் ஒரு விகிதத்தை, 95 சதவீத நம்பகத்தோடு, ஐந்து சதவீதப் புள்ளி முன்னே பின்னே கணிக்க வேண்டும், அந்த விகிதம் பாதிக்குப் பாதி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் பெருக்கி 0.05இன் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 384 வரும். 1970இல் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட அட்டவணை இதைப் பிரபலமாக்கிவிட்டது. இந்தக் கணக்கு சரியானது. ஆனால் அது இரண்டு நிபந்தனைகளுக்கு உட்பட்டது. ஆட்களைக் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும். கேள்வி ‘எத்தனை சதவீதம்’ என்பதாக இருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் வந்தவர்களையெல்லாம் பிடித்து 384 ஆக்கினால், அந்த ஐந்து சதவீதம் எதையும் குறிக்காது.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பேச்சுக்கு, நூற்றுக்குப் பத்துப் பேர் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை தொடங்கிய 384 பேரை எடுத்தால் அதில் நிறுத்தியவர்கள் 38 பேர் இருப்பார்கள். அந்த 38 பேரை ஆண் பெண், குடிப்பவர் குடிக்காதவர், வெளியூர் வேலைக்குப் போகிறவர் போகாதவர் என்று பிரித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்திலும் நாலு பேர், ஆறு பேர் நிற்பார்கள். கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போடலாம், வேறுபாடு தற்செயலா என்று பார்க்க உதவும் பி மதிப்பும் வரும், அர்த்தம் வராது. நிறுத்துதல் என்பது சிறுபான்மை நிகழ்வு. அதை ஆராய, நிறுத்தியவர்களைத் தனியாகத் தேடி எடுத்து, ஒவ்வொருவருக்கும் அதே மையத்தில் அதே காலத்தில் தொடங்கி முடித்த ஒருவரையோ இருவரையோ ஒப்பிட எடுப்பதுதான் வழி. 80 பேருக்கு 160 பேர் என்று எடுத்தால், மொத்தம் 240 பேரிலேயே 384ஐவிட அதிகம் தெரியவரும். நெறியாளரிடம் எண்ணைக் குறைக்கிறேன் என்று சொல்லாதீர்கள். வடிவத்தை மாற்றுகிறேன் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

அதற்கு முன்பு ‘நிறுத்தியவர்’ யார் என்று முடிவு செய்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் தொடர்ந்து இரண்டு மாதம் மருந்து எடுக்காதவர். இந்தியத் திட்டத்தின் வரையறையில் ஒரு மாதம். இருபது நாள் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தவர் இரண்டிலும் வர மாட்டார். ஆனால் உங்கள் ஆய்வுக்கு அவர் மிக முக்கியமானவராக இருக்கலாம், திரும்பி வந்தது எப்படி என்று அவர்தான் சொல்ல முடியும்.

இனி ‘ஏன்’ என்ற பகுதி. கேள்வித்தாளில் காரணங்களைப் பட்டியலிட்டு டிக் அடிக்கச் சொல்வது வழக்கம். பக்கவிளைவு, உடம்பு தேறிவிட்டது, வேலைக்காக இடம் மாறியது, குடி, வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம், போக்குவரத்துச் செலவு. இந்தப் பட்டியலை நீங்கள் களத்துக்குப் போகாமலே எழுதிவிடலாம். பல நாடுகளில் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டவை இவை. அப்படியிருக்க 384 பேரிடம் கேட்டு, ‘பக்கவிளைவு 31 சதவீதம், இடமாற்றம் 22 சதவீதம்’ என்கிற மாதிரி ஓர் அட்டவணை போட்டால் யாருக்கு என்ன புதிதாகத் தெரியப்போகிறது? பட்டியலில் இருப்பதுதான் விடையாக வரும். பட்டியலில் இல்லாதது ‘மற்றவை’ என்ற வரியில் போய்ச் சேரும். ஆய்வேடுகளில் அந்த ‘மற்றவை’ வரி பெருத்துக் கிடப்பதைப் பார்த்தால், அங்கேதான் ஆய்வு தொடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நேர்காணலில் காரணங்கள் தனித்தனியாக வருவதில்லை, வரிசையாக வரும். முதல் வாரம் வாந்தி. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, இரத்தமோ என்று பயம். அது சகஜம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறுகிறது. அந்த நேரம் பார்த்து வெளியூரில் கட்டட வேலை வருகிறது. மாத்திரையைக் கையோடு எடுத்துப்போனால் கூட இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். பத்து நாள் விட்டுப்போகிறது. திரும்பிப் போனால் திட்டுவார்களே என்று போகாமலே இருந்துவிடுகிறார். இவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? ‘இடமாற்றம்’ என்று அடிக்கலாம். ஆனால் கடைசிப் படியில் இருந்தது திட்டு. அதைச் சரிசெய்ய முடியும். கட்டட வேலையைச் சரிசெய்ய முடியாது. மேலே சொன்னது ஒருவருடைய கதை அல்ல, இந்த வகை ஆய்வுகளில் அடிக்கடி வருகிற துணுக்குகளைக் கோத்தது. ஆனால் வரிசை என்ற விஷயம் உறுதியானது. படிகளைக் காட்டுவது பண்புசார் ஆய்வின், அதாவது எண்ணாமல் பேசிப் புரிந்துகொள்கிற ஆய்வின் பலம், வேறு எதிலும் அது கிடைக்காது.

எத்தனை நேர்காணல் போதும் என்பதில் இந்த உறுதி கிடையாது. 2006இல் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற மூவர் கானா, நைஜீரியா நாடுகளில் எடுத்த 60 நேர்காணல்களை வைத்து, பன்னிரண்டாவதுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று காட்டினார்கள். அதிலிருந்து ‘12 போதும்’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்கள் பேசியது ஓரளவு ஒரே மாதிரியான பெண்களிடம், வரையறுத்த ஒரு விஷயத்தைப் பற்றி. உங்களுக்கு நகரத்து ஆட்டோ ஓட்டுநர், மலைக்கிராமத்துப் பெண், சர்க்கரை நோயும் சேர்ந்த முதியவர் எல்லோரும் வேண்டும் என்றால் 12 காணாது. ‘இனிப் புதிதாக எதுவும் வரவில்லை, நிறுத்தினேன்’ என்ற நிறைவுநிலை வாதத்தையே ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள். 20லிருந்து 30க்குள் திட்டமிடுங்கள் என்பது என் பழக்கம், அவ்வளவுதான். இதற்கு 384 மாதிரி ஒரு சூத்திரம் கிடையாது. யாராவது கொடுத்தால் நம்பாதீர்கள்.

எந்த முறையை எடுத்தாலும் ஒரு பொறி உங்களுக்காகக் காத்திருக்கிறது. நிறுத்தியவர்கள்தான் கண்டுபிடிக்க மிகவும் கடினமானவர்கள். விலாசம் மாறியிருக்கும், போன் எண் வேலை செய்யாது, சிலர் இறந்திருப்பார்கள். கிடைத்தவர்களிடம் மட்டும் பேசிவிட்டு, நிறுத்துபவர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று எழுதினால் கேள்வித்தாளும் தவறு, நேர்காணலும் தவறு. தேடியவர்கள் எத்தனை பேர், கிடைத்தவர்கள் எத்தனை பேர், கிடைக்காதவர்களைப் பற்றிப் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்பதை ஒரு பக்கமாவது எழுதுங்கள். நான் தேர்வாளராக இருந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவேன்.

கலப்பு முறைக்கு வருகிறேன். இதன் பெயரில் நடக்கிற பெரும்பாலான ஆய்வுகள் இரண்டு அரைகுறை ஆய்வுகளை ஒரே அட்டைக்குள் தைத்தவை. நான்காம் அத்தியாயத்தில் அட்டவணைகள், ஐந்தாம் அத்தியாயத்தில் நேர்காணல் மேற்கோள்கள். இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்ப்பதே இல்லை. கலப்பு என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றில் கிடைத்தது மற்றொன்றை மாற்றியிருக்க வேண்டும். எண்களில் வந்த புதிரை நேர்காணல் விளக்கலாம். நேர்காணலில் கேட்டதை வைத்துக் கேள்வித்தாளைச் செதுக்கலாம். அல்லது இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஆய்வு முறை நூல்கள் எழுதிய கிரெஸ்வெல் தொடங்கி எல்லோரும் சொல்கிற மூன்று அடிப்படை வடிவங்கள் இவைதான். மற்ற பெயர்களெல்லாம் இவற்றின் கிளைகள்.

இந்தியாவில் இது நன்றாக நடந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் காசநோய் அல்ல, கழிப்பறை. வழக்கமான பெரிய கணக்கெடுப்புகள் ‘உங்கள் வீட்டில் எந்த வசதியைப் பயன்படுத்துகிறீர்கள்’ என்று வீட்டுக்கு ஒரு கேள்வி கேட்டன. 2013-14இல் வட இந்தியாவின் ஐந்து மாநிலங்களில் ஸ்குவாட் என்ற கணக்கெடுப்பு நடத்தியவர்கள் வீட்டிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்டார்கள். கழிப்பறை இயங்குகிற வீடுகளிலேயே 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குறைந்தது ஒருவராவது வெளியே போவது தெரியவந்தது. வசதி இல்லாததுதான் காரணம் என்ற விளக்கம் அங்கே உடைந்தது. அது ஏன் என்று எண்களால் சொல்ல முடியவில்லை. அதே குழுவினர் கிராமங்களில் தங்கி, நீண்ட நேர்காணல்கள் எடுத்தபோதுதான் குழி நிறைந்தால் யார் அள்ளுவது என்ற அச்சமும், அதன் பின்னால் இருந்த சாதியும் தீட்டும் வெளியே வந்தன. எண் ஒரு விளக்கத்தைத் தள்ளியது, பேச்சு இன்னொன்றைக் கொடுத்தது. ஒன்று இல்லாமல் மற்றொன்று நின்றிருக்காது.

உங்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், சிறிய அளவில், எண் முதலில் பேச்சு பிறகு என்ற வரிசையில் போங்கள் என்பேன். முதல் பகுதிக்கு நீங்கள் யாரிடமும் கேள்வித்தாள் நீட்ட வேண்டாம். சிகிச்சை தொடங்கிய ஒவ்வொருவரையும் அரசு நிக்‌ஷய் என்ற காசநோய் இணையதளத்தில் பதிவு செய்கிறது. வயது, பாலினம், சர்க்கரை நோய், எச்ஐவி, எந்த மையம், எப்போது தொடங்கினார், என்ன முடிவு என்பதெல்லாம் அதில் உண்டு. மாவட்டக் காசநோய் அலுவலகம் வழியாக முறைப்படி அனுமதி வாங்கி, பெயர் நீக்கிய விவரங்களைப் பெற்றால், யார் அதிகம் நிறுத்துகிறார்கள், எந்த மாதத்தில் நிறுத்துகிறார்கள் என்பது முழு மாவட்டத்துக்கும் கிடைத்துவிடும். மாதிரி எடுப்பு என்ற தலைவலியே இல்லை. பிறகு அந்த முடிவைப் பார்த்து ஆட்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் மாதத்தில் நிறைய பேர் விழுகிறார்கள் என்றால் மூன்றாம் மாதத்தில் விட்டவர்கள். ஒரு மையத்தில் மட்டும் யாருமே விடவில்லை என்றால் அந்த மையத்தின் ஊழியர்கள். எல்லாக் கணக்குப்படியும் விட்டிருக்க வேண்டியவர் விடாமல் முடித்திருந்தால் அவர். கடைசி வகை ஆட்களை நம் மாணவர்கள் யாரும் தேடுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. நேர்காணலுக்கு வருகிறவர்களை எட்ட வேண்டுமானால் பெயர் வேண்டும் இல்லையா? அதை நீங்கள் நேரடியாக எடுக்காதீர்கள். மையத்து ஊழியர் முதலில் அவர்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களின் எண்ணை மட்டும் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

அனுமதி கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் எட்டு மாதம் கழித்துக் கிடைக்கலாம். ஆறு மாதம் காத்திருந்து பதில் வரவில்லை என்றால் கலப்பு முறையைத் தயங்காமல் கைவிட்டு, நேர்காணலை மட்டும் வைத்து முழுமையான பண்புசார் ஆய்வாகச் செய்யுங்கள். நன்றாகச் செய்த ஒன்று, அவசரத்தில் ஒட்டிய இரண்டைவிட மேல். நேரக்கணக்கையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். இருபது பேர் என்றால் நூறு மணி நேரத்துக்கு மேல், அதுவும் வாசித்து வகைப்படுத்துவதற்கு முன்பு. தமிழில் பேசியதைத் தமிழிலேயே எழுதி, தமிழிலேயே வகைப்படுத்துங்கள். ஆய்வேட்டுக்கு எடுக்கிற மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

களத்தில் இரண்டு விஷயம். டிபி இருப்பதை மறைத்து வாழ்கிறவர் வீட்டுக்கு நீங்கள் கையில் கோப்போடு போய் நின்றால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். எங்கே சந்திப்பது என்பதை அவரே சொல்லட்டும். திறந்த வெளியாக இருந்தால் உங்களுக்கும் நல்லது. நிறுத்தியவருக்கு நோய் இன்னும் தொற்றுகிற நிலையில் இருக்கலாம், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மருந்தை விட்டுவிட்ட ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு நன்றி சொல்லி வந்துவிட முடியாது. அவர் விரும்பினால் திரும்பச் சிகிச்சையில் சேர யாரிடம் அழைத்துப்போவீர்கள் என்பதை எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். கமிட்டி கேட்கும் என்பதற்காக மட்டுமல்ல, நீங்கள் செய்ய வேண்டும்.

வைவா பற்றிக் கேட்டீர்கள். ‘உங்கள் தத்துவ நிலைப்பாடு என்ன?’ என்று கேட்பார்கள். அளப்பதை நம்பும் நேர்க்காட்சிவாதம், பொருள்கொள்வதை நம்பும் விளக்கவியல், எது பயன்படுமோ அதை எடுக்கும் பயன்நோக்குவாதம் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். தத்துவத்தைத் தேர்ந்த பிறகுதான் முறையைத் தேர வேண்டும் என்று கறாராகச் சொல்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்திலும் நியாயம் உண்டு. களத்தில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். இது இன்னும் தீராத விவாதம், ஆகவே உங்கள் தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் என்று முன்பே விசாரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். ‘மாதிரி ஏன் இவ்வளவு சிறியது?’ என்பது நிச்சயமாக வரும். ‘இது சதவீதம் சொல்லும் ஆய்வு அல்ல, படிகளைச் சொல்லும் ஆய்வு; சதவீதம் முழுப் பதிவேட்டிலிருந்து முதல் பகுதியில் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, 384 எங்கே பொருந்தும், இங்கே ஏன் பொருந்தாது என்று அந்தக் கணக்கையே பலகையில் போட்டுக் காட்டுங்கள். எதிர்த்துக் கேட்பவர் குறைவு.

மென்பொருள் கடைசி. எஸ்பிஎஸ்எஸ் உங்கள் துறையில் ஏற்கெனவே இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஜமோவி இலவசம், எதெது நிறுத்துவதோடு தொடர்புடையது என்று பார்க்க உங்களுக்குத் தேவையான லாஜிஸ்டிக் ரெக்ரஷன் வரை அதில் செய்யலாம். நேர்காணலுக்கு என்விவோ என்ற கட்டண மென்பொருளை வாங்கக் கைக்காசைச் செலவழிக்காதீர்கள். டாகெட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, தமிழில் ஒரு பக்கம் எழுதி அதில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சரிப்படவில்லை என்றால் அகலமான ஓரம் விட்டு அச்செடுத்து, பேனாவால் குறித்துக்கொண்டே போகலாம். இருபது நேர்காணலுக்கு அது தாராளமாகப் போதும். ஒலிப்பதிவைத் தானாக எழுத்தாக்கித் தருகிறோம் என்கிற இலவசத் தளங்களில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அதில் ஒருவருடைய குரல், ஊர், நோய் மூன்றும் சேர்ந்து இருக்கிறது, அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களால் அவருக்குச் சொல்ல முடியாது.